வேறு வேறு சப்நெட்டிலும் வேறு ஊரிலும் இருக்கும் சர்வர்களை ஒரே லோட் பேலன்சருக்குக் கீழே கொண்டுவர முடியுமா?

முடியும். சப்நெட் என்றால் நெட்வொர்க்கைப் பிரித்த ஒரு முகவரித் தொகுதி, லோட் பேலன்சர் என்றால் வரும் பயனர்களைப் பல சர்வர்களுக்குப் பங்கிடும் கருவி. "எல்லா சர்வரும் ஒரே வீலேனில் இருந்தால்தான் ஆகும், இல்லாவிட்டால் இரண்டு ஊருக்கும் நடுவில் லேயர் 2 இழுக்க வேண்டும்" என்று உங்கள் வெண்டர் சொன்னதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். (வீலேன், லேயர் 2 என்று அவர் சொல்வது, நடுவில் ரூட்டர் இல்லாமல் ஸ்விட்சுகள் மட்டும் இணைக்கும் ஒரே உள்ளூர் நெட்வொர்க்கை.) அதற்காகத்தான் இந்தப் பதில். இதே பேச்சை நானும் ஒரு மீட்டிங்கில் கேட்டேன். அப்போது மறுத்துப் பேசியதோடு நிற்காமல் செய்தும் காட்ட வேண்டியிருந்தது.

உங்களிடம் முக்கிய டேட்டா சென்டர் ஒன்று இருக்கும். பேரிடருக்கென்று வாங்கிப்போட்ட இன்னொன்றும் இருக்கும். இரண்டாவது சும்மா கிடக்கிறதே, பாதி வேலையை அங்கே தள்ளக் கூடாதா என்று நிர்வாகம் கேட்டிருக்கும். அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சப்நெட் வேறாக இருப்பது ஒரு தடையே இல்லை. லோட் பேலன்சரிலிருந்து சர்வருக்கு ரூட் இருந்தால் பாக்கெட் போய்ச் சேர்ந்துவிடும். கேட்க வேண்டியது, பதில் எந்த வழியாகத் திரும்புகிறது என்பதை. சாதாரண நாட் முறையில் லோட் பேலன்சர் போகுமிட முகவரியை மட்டும் மாற்றி சர்வருக்கு அனுப்பும். அதே சப்நெட்டில் உள்ள சர்வருக்கு லோட் பேலன்சரையே கேட்வேயாக (வெளியே போகும் வாசலாக) வைத்துவிடலாம், பதில் அதன் வழியாகத் திரும்பும். வேறு சப்நெட்டில் உள்ள சர்வருக்கு அங்கே உள்ள ரூட்டர்தான் கேட்வே. பதில் லோட் பேலன்சரைத் தொடாமல் சர்வரின் சொந்த முகவரியிலிருந்து நேராகப் பயனரிடம் போய்விடும். நாம் ஒரு நம்பருக்கு போன் போட்டு, முன்பின் தெரியாத வேறொரு நம்பரிலிருந்து பதில் வந்தால் எப்படியோ, அப்படித்தான் பயனரின் கணினிக்கும். அது உடனே ரீசெட் அனுப்பி இணைப்பை முறித்துவிடும்.

அப்போது நான் வேலை பார்த்த நிறுவனத்துக்கு சென்னையில் ஒரு டேட்டா சென்டர், கோவையில் ஒன்று. டீலர்கள் ஆர்டர் போடும் போர்ட்டல் அது. மாதக் கடைசியில் சென்னை சர்வர்கள் திணறும். எங்களிடம் இருந்தது லினக்ஸ் விர்ச்சுவல் சர்வர் என்ற லோட் பேலன்சர் மென்பொருள். 1998-இல் தொடங்கிய திட்டம், இன்றும் லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்கிறது. அதை டைரக்ட் ரூட்டிங் முறையில் ஓட்டிக்கொண்டிருந்தோம். அந்த முறை பாக்கெட்டின் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் முகவரியை) மட்டும் மாற்றும், ஐபியைத் தொடாது. அதனால் சர்வர்கள் ஒரே லேயர் 2-இல் இருந்தே ஆக வேண்டும். வெளியிலிருந்து வந்த ஆலோசகர் இதைப் பிடித்துக்கொண்டு, சென்னை வீலேனையே கோவை வரை நீட்டிவிடலாம் என்றார். அதற்குப் பெரிய தொகை ஒன்றும் சொன்னார்.

நான் கூடாது என்றேன். நீட்டிய லேயர் 2-இல் கோவையில் யாரோ ஒரு ஸ்விட்சில் லூப் போட்டால் சென்னையும் சேர்ந்து விழும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. லோட் பேலன்சர் ஜோடி, ஒன்று விழுந்தால் மற்றது முகவரியை எடுத்துக்கொள்ள உதவும் விஆர்ஆர்பி என்ற நெறிமுறை வழியாகத்தான் ஒன்றையொன்று கண்காணிக்கிறது. இரண்டையும் ஊருக்கு ஒன்றாகப் பிரித்து வைத்து நடுவிலுள்ள லிங்க் அறுந்தால், சில நொடிகளில் கோவை லோட் பேலன்சர் "சென்னை போய்விட்டது, இனி நான்தான் மாஸ்டர்" என்று முடிவு செய்யும். சென்னையோ நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஒரே முகவரி இரண்டு இடத்தில்.

சரி, வேறு என்ன வழி என்றார்கள். அதே மென்பொருளில் டனல் என்றொரு முறை இருக்கிறது. வந்த பாக்கெட்டை இன்னொரு ஐபி பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பும், அதனால் சர்வர் எந்த சப்நெட்டிலும் இருக்கலாம், எந்த ஊரிலும் இருக்கலாம். கோவையில் ஒரு சர்வரை வைத்து சில கிளை அலுவலகங்களுக்கு மட்டும் சோதனையாகத் திறந்தோம். லாகின் ஆனது, பக்கங்கள் வந்தன, எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் ஒருவர் ஸ்கேன் செய்த பர்ச்சேஸ் ஆர்டரை அப்லோட் செய்தார், அது அப்படியே நின்றுவிட்டது. சின்ன ஃபைல் போகிறது, பெரியது போகவில்லை. "பார்த்தீர்களா, வேறு சப்நெட் என்றால் இப்படித்தான்" என்று ஆலோசகர் மெயில் போட்டுவிட்டார்.

பாக்கெட்டுகளைப் பதிவுசெய்து காட்டும் டிசிபிடம்ப் போட்டுப் பார்த்ததில் காரணம் தெளிவாகத் தெரிந்தது. டனல் 20 பைட் கூடுதலாகச் சேர்க்கிறது. வழக்கமான உச்ச அளவான 1500 பைட் பாக்கெட் அதற்குள் அடங்காது. லோட் பேலன்சர் "பெரிதாக இருக்கிறது, 1480-க்குள் அனுப்பு" என்று ஐசிஎம்பி செய்தியை (நெட்வொர்க் பிழையைச் சொல்லும் செய்தியை) பயனருக்கு முறையாகத்தான் அனுப்பியது. நடுவில் இருந்த ஃபயர்வால் அதை விழுங்கிவிட்டது. பாதுகாப்புத் தணிக்கையில் ஐசிஎம்பி முழுவதையும் தடுக்கச் சொல்லியிருந்தார்களாம். பதில்கள் டனலுக்குள் போகாமல் நேராகத் திரும்புவதால் பக்கங்கள் ஒழுங்காக வந்தன, உள்ளே வரும் பெரிய பாக்கெட்டுகள் மட்டும் செத்தன. கோவை சர்வரின் ரூட்டில் எம்எஸ்எஸ் மதிப்பை, அதாவது ஒரு பாக்கெட்டில் ஏற்கும் தரவின் உச்ச அளவை, 1440 என்று வைத்தேன் (1480-இல் ஹெட்டர்களுக்கு 40 போக). பயனரின் கணினி தொடக்கத்திலேயே சின்னதாக அனுப்ப ஆரம்பித்தது. அப்லோட் ஓடியது. அந்த மெயிலுக்குப் பதிலாக பாக்கெட் கேப்ச்சரையே இணைத்து அனுப்பினேன். இன்றும் அதில் எனக்குப் பெருமைதான்.

ஆனாலும் டனல் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன். கோவை சர்வர் நேராகப் பதில் அனுப்பும்போது அனுப்புநர் முகவரியாகச் சென்னையின் பொது ஐபியைப் போடும். உள் நெட்வொர்க்கில் இது நடக்கும். இணையத்துக்குப் போனால், தனக்குச் சொந்தமில்லாத அனுப்புநர் முகவரியோடு வரும் பாக்கெட்டைக் கோவை இணைய நிறுவனம் தூக்கி எறியலாம். அப்படி எறிவதுதான் நல்ல நடைமுறை என்று 2000-ஆம் ஆண்டிலேயே ஆர்எஃப்சி 2827 என்ற இணைய நடைமுறை ஆவணம் சொல்லிவிட்டது. அங்குள்ள ஃபயர்வாலும், தான் தொடக்கத்தைப் பார்க்காத இணைப்பின் பதிலை விடாது.

அதனால் கடைசியில் நாங்கள் போனது முழு ப்ராக்ஸிக்கு. ஹெச்ஏப்ராக்ஸி என்ற மென்பொருள் பயனரின் இணைப்பைத் தன்னிடமே முடித்துக்கொண்டு, தன் சொந்த முகவரியிலிருந்து சர்வருக்குப் புது இணைப்பு போடும். பதில் தானாகவே அதனிடம் திரும்பிவிடும், கேட்வே சிக்கல் அதோடு தீர்ந்தது. பயனரின் உண்மையான ஐபி லாகில் தெரியாமல் போகும் என்ற குறையை எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெட்டர் சரிசெய்யும், வெப் அல்லாத சேவைகளுக்கு ப்ராக்ஸி புரோட்டோகால் இருக்கிறது. போர்ட் தீர்ந்துபோவதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் இயல்பாக 32768 முதல் 60999 வரைதான் எடுத்துக்கொள்ளும், அதாவது ஒரே முகவரியிலிருந்து ஒரே சர்வர் போர்ட்டுக்கு ஒரே நேரத்தில் சுமார் 28,000 இணைப்பு. போதவில்லையென்றால் கூடுதல் முகவரி கொடுங்கள்.

"லேயர் 2-ஐ டனலில் வைத்து நீட்டும் விஎக்ஸ்லேன் வைத்து எவ்வளவோ பேர் நீட்டுகிறார்களே" என்று சிலர் கமெண்டில் வருவார்கள். நீட்ட முடியாது என்று நான் எங்கும் சொல்லவில்லை, லோட் பேலன்சருக்காக நீட்டத் தேவையில்லை என்றுதான் சொல்கிறேன். இன்னும் சிலர் கிளவுடைக் காட்டுவார்கள். அமேசான் கிளவுடில் ஒரு சப்நெட் ஒரே ஒரு அவெய்லபிலிட்டி ஜோனுக்குள்தான் (தனியாக இயங்கும் டேட்டா சென்டர் தொகுதிக்குள்தான்) இருக்க முடியும். அங்கே இரண்டு ஜோனில் லோட் பேலன்சர் வைத்த ஒவ்வொருவரும் ஏற்கெனவே வேறு வேறு சப்நெட்டில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் அடிப்படை விஷயம், ஆனால் நம் ஊரில் இதைக் கற்றுக்கொடுக்க ஆளில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். 1993-இலேயே முகவரித் தொகுதியை எந்த அளவிலும் பிரிக்க விடும் சிஐடிஆர் வந்து வகுப்பு முறை முகவரிகள் போய்விட்டன. இன்றும் இன்டர்வியூவில் கிளாஸ் ஏ, கிளாஸ் பி, கிளாஸ் சி என்று கேட்டுத்தான் பிள்ளைகளைக் கழிக்கிறார்கள். தேறி வருகிறவர்களை இரவு ஷிப்டில் உட்கார வைத்து டிக்கெட் மூட மட்டும் விடுகிறார்கள். பாக்கெட் கேப்ச்சர் எடுக்க அனுமதி கேட்டால் அது சீனியர் வேலை என்கிறார்கள். என்னிடம் வேலை பார்த்த ஒரு பெண் கேப்ச்சரைத் திறந்த முதல் வாரத்திலேயே ஒரு பழைய டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை) கோளாறைப் பிடித்தாள். அதுவரை அவளுக்கு யாரும் அதைக் காட்டவே இல்லை.

சரி, உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதி, வேறு ஊர். இங்கே நான் கண்டிப்பாகச் சொல்வேன்: ஒரே லோட் பேலன்சரில் இரண்டு ஊர் சர்வரையும் சமமாகப் போடாதீர்கள். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர்தான் போகும். சென்னைக்கும் கோவைக்கும் 500 கிலோமீட்டர் என்று வைத்தால் போய்த் திரும்ப 5 மில்லிசெகண்ட், அதுவும் நடுவில் எந்தக் கருவியும் தாமதிக்காவிட்டால். கோவை சர்வர் சென்னை டேட்டாபேஸை ஒரு பக்கத்துக்கு 200 முறை, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் ஒரு முழு நொடி போய்விடும். எங்கள் போர்ட்டலில் இதைத்தான் பயனர்கள் முதலில் உணர்ந்தார்கள். அதனால் கோவையில் படிக்க மட்டும் ஒரு டேட்டாபேஸ் பிரதி வைத்து, ரிப்போர்ட், ஸ்டாக் பார்க்கும் பக்கங்களை அங்கே திருப்பினோம். ஆர்டர் எழுதுவது சென்னையிலேயே நின்றது. மாதக் கடைசிச் சுமைக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஊர்களுக்கு இடையே பயனரைப் பிரிக்கும் வேலையை டிஎன்எஸ்ஸிடம் கொடுங்கள். ஊருக்கு ஒரு லோட் பேலன்சர், ஊருக்கு ஒரு முகவரி, சர்வர் உயிரோடு இருக்கிறதா என்ற ஹெல்த் செக் பார்த்து பதில் சொல்லும் டிஎன்எஸ். டிடிஎல் (டிஎன்எஸ் பதிலை நினைவில் வைக்கும் நேரம்) 60 நொடி வைத்தாலும் 60 நொடியில் எல்லோரும் மாறிவிடுவார்கள் என்று நிர்வாகத்திடம் வாக்குக் கொடுக்காதீர்கள், பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டு விடாத கிளையன்ட்கள் இருக்கவே செய்வார்கள். ஹெல்த் செக் டேட்டாபேஸ் வரை தொட்டுப் பார்க்கும் பக்கமாக இருக்கட்டும், போர்ட் 443 திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் செத்த அப்ளிகேஷனுக்கும் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். எழுதும் டேட்டாபேஸைத் தானாக ஊர் மாற்றுவதாக இருந்தால் லிங்க் அறுந்தால் எந்த ஊர் மாஸ்டர் என்று தீர்மானிக்க உதவும் ஒரு சாட்சி முனையை மூன்றாவது இடத்தில் வையுங்கள். அது இல்லாத வரை, மாற்றும் முடிவை ஒரு மனிதர் எடுப்பதே மேல்.

உங்கள் டேட்டாபேஸ் எது, ஒரு பக்கத்துக்கு எத்தனை க்வெரி போகிறது என்பதை எழுதினால், இரண்டாவது ஊருக்கு எதைத் தள்ளலாம் என்று இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.