தீம் பார்க் பொம்மைகள் தானாக ஆடிப் பேசுவது எப்படி?

இதற்கு 'அனிமேட்ரானிக்ஸ்' என்று பெயர். ஆள் கை வைக்காமல், முன்பே அமைத்து வைத்தபடி பொம்மை அசைவதுதான் அது.

வேலூர்ப் பக்கம் சின்னக் கோயில்களில், தீபாராதனை நேரத்தில் சுவிட்சைத் தட்டினால் முரசும் மணியும் தானே அடிக்கும் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள் (பூசாரிக்குக் கைவலி மிச்சம்). மோட்டார் தண்டைச் சுழற்றும். அதிலுள்ள மேடு கோலைத் தூக்கி விட, கோல் தோலில் வந்து விழும். 1955-ல் கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது, படகுச் சவாரியில் இருந்த விலங்குகளின் கதையும் ஏறக்குறைய இதேதான். ஒரே அசைவு, திரும்பத் திரும்ப.

தாளம் மாற வேண்டுமென்றால் மேட்டையே மாற்றியாக வேண்டும். அந்தத் தொல்லையைத் தீர்த்தது ஒலிநாடா. 1963-ல் டிஸ்னிலேண்டில் 'டிக்கி அறை' (Tiki Room) என்ற, பறவைப் பொம்மைகள் பாடும் அரங்கு திறந்தது. அங்கே பறவைகளின் பாட்டோடு பார்வையாளர்களுக்குக் கேட்காத சமிக்ஞை ஒலிகளும் நாடாவில் ஓடின. அவைதான் காற்று வால்வுகளைத் திறந்தன. பாட்டுக்குச் சரியாக அலகு அசைந்தது. அடுத்த ஆண்டே நியூயார்க் உலகக் கண்காட்சியில் முன்னாள் அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கனின் பொம்மை எழுந்து நின்று பேசியது. அப்புறம் நாடாவின் இடத்தைக் கணினி பிடித்தது.

பொம்மை நம்மைப் பார்த்துத்தான் தலையசைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை, கூடம் காலியாக இருந்தாலும் அதே இடத்தில் அதே தலையாட்டல்தான்.