தகுதிச் சான்றிதழ் எங்கே?

கேள்வி: பூனைகளையும், ரோலர் ஸ்கேட்டில் ஓடும் ரயில் பெட்டிகளையும் மேடையேற்றிய ஆங்கிலேய இசைநாடகக்காரர் ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் 1985-ல் இறந்தோர் திருப்பலிக்கு லத்தீனில் இசையமைத்திருக்கிறாரே, அதற்கான ஆன்மிகத் தகுதி அவருக்கு இருந்ததா?

பதில்: தகுதியா? சரி, ஒரு தேர்வுக் குழு அமைத்துவிடுவோம். நீங்கள்தான் தலைவர். மேசையில் தண்ணீர் பாட்டில், பிஸ்கட், சிவப்பு மைப் பேனா. ரெக்வியம், அதாவது இறந்தோர் திருப்பலி இசை, எழுதிய பழைய ஐரோப்பிய மேதைகளை ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள்.

மொசார்ட் வருகிறார். ஏனய்யா ரெக்வியம் எழுதினீர் என்றால், ஆர்டர் வந்தது, முன்பணமும் கொடுத்தார்கள் என்கிறார். எழுதி முடித்தீரா என்றால், நடுவில் செத்துப்போனேன், மிச்சத்தை என் உதவியாளன் சூஸ்மையர் பார்த்துக்கொண்டான் என்கிறார். விண்ணப்பம் முழுமையாக இல்லை, நிராகரிப்பு. அடுத்து பெர்லியோஸ். கடவுள் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் தரையைப் பார்க்கிறார். ஆனால் நான்கு மூலைக்கு நான்கு பித்தளை வாத்தியக் குழு, 16 டிம்பனி முரசு வைத்திருக்கிறேன், அடித்துக் காட்டட்டுமா என்கிறார். வேண்டாம், பக்கத்து அறையில் வேறு இன்டர்வியூ நடக்கிறது. பிராம்ஸ் கொண்டுவந்தது ஜெர்மன் பைபிள் வசனங்கள். தேடித் தேடிப் பார்த்தாலும் கிறிஸ்துவின் பெயர் கிடையாது. போகச் சொல்லுங்கள்.

தேறியவர் ஒருவர்கூட இல்லை, பிஸ்கட்தான் தீர்ந்தது.

மொசார்ட்டுக்கு ஆர்டர் கொடுத்தவரை மட்டும் சும்மா விட மாட்டேன். வால்செக் என்று ஒரு பிரபு. 1791 பிப்ரவரியில் இளம் மனைவி இறந்துபோனார். அவர் நினைவாக ஒரு ரெக்வியம் வேண்டும் என்று தன் பெயரைச் சொல்லாமல் ஆள் அனுப்பினார். இவருக்கு ஒரு வழக்கம்: காசு கொடுத்துப் பிறர் எழுதியதை வாங்குவார், தன் கையால் நகலெடுப்பார், வீட்டுக் கச்சேரியில் வாசிக்க வைத்து, யார் எழுதியது சொல்லுங்கள் பார்க்கலாம் என்பார். சம்பளம் வாங்குகிறவர்கள் என்ன சொல்வார்கள்? தாங்கள்தான் பிரபுவே! 1793 டிசம்பர் 14 அன்று வீனர் நொய்ஷ்டாட்டில் மொசார்ட்டின் ரெக்வியத்தைத் தன் பெயரில் தானே நடத்தினார். நம் பத்திரிகை அலுவலகத்துக்குத் தபாலில் வரும் கவிதைகளில் கால்வாசி வால்செக் பிரபுக்கள் அனுப்புகிறவைதாம். போன மாதம் ஒருவர், வாட்ஸப்பில் எனக்கே மூன்று முறை வந்த கவிதையைத் தன் பெயரில் அனுப்பியிருந்தார். "முன்னதாகப் பகிரப்பட்டது" என்ற வரியை எடுக்கக்கூடப் பொறுமையில்லை. பிரபுவாவது உட்கார்ந்து கையால் நகலெடுத்தார்!

எங்கே விட்டேன்? தகுதி. உங்கள் கேள்வி 1874-லேயே கேட்கப்பட்டுவிட்டது. அந்த வருடம் மே 22 அன்று மிலானின் சான் மார்க்கோ தேவாலயத்தில், ஆபரா என்னும் இசைநாடகங்களுக்குப் பேர்போன வெர்தியின் ரெக்வியம் அரங்கேறியது. நாவலாசிரியர் மன்சோனியின் முதலாண்டு நினைவு நாள். இசைக்குறிப்பை மேலோட்டமாகப் புரட்டிய ஜெர்மன் இசை நடத்துநர் ஹான்ஸ் ஃபான் பியூலோ, இது பாதிரி அங்கி போட்ட ஆபரா என்கிற மாதிரி எழுதினார். பியூலோ தன் மானத்தைத் தானே வாங்கிக்கொண்டார், இதை ஒரு மேதைதான் எழுத முடியும் என்றார் பிராம்ஸ். பியூலோ 1892-ல் வெர்திக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். பதினெட்டு வருடம் கழித்தாவது எழுதினாரே. இசை விமர்சகர்களில் இது அபூர்வ ஜாதி.

இனி உங்கள் பூனைக்காரர். அப்பா வில்லியம் லாயிட் வெப்பர் ஆர்கன் கலைஞர், இசை ஆசிரியர். சொந்தமாக நிறைய எழுதியும் காலத்துக்கு ஒவ்வாத பாணி என்று அவை ஒதுங்கிப்போயின. 1982-ல் இறந்தார். மகன் ரெக்வியம் எழுதியது அவர் நினைவாக. அதைத் தூண்டிய இன்னொன்று ஒரு செய்தித்தாள் குறிப்பு: கம்போடியச் சிறுவன் ஒருவனிடம், சிதைக்கப்பட்டுக் கிடக்கும் உன் அக்காவைக் கொல், இல்லையென்றால் நீ சாவாய் என்றார்களாம். அதனால்தான் தனிக்குரல்களில் ஒரு சிறுவனும் ஒரு பெண்ணும். அரங்கேற்றம் 1985 பிப்ரவரி 24, நியூயார்க் செயின்ட் தாமஸ் தேவாலயம், நடத்தியவர் லோரின் மாஸேல். பாடியவர்கள் பிளாசிடோ டொமிங்கோ, வின்செஸ்டர் பேராலயப் பாடகர் குழுச் சிறுவன் பால் மைல்ஸ்-கிங்ஸ்டன், அப்போது வெப்பரின் மனைவியாக இருந்த சாரா பிரைட்மன். இந்தப் பிரைட்மன் ஏழு வருடம் முன்பு 'விண்வெளிப் படைவீரனிடம் மனதைப் பறிகொடுத்தேன்' என்று டிஸ்கோ பாடியவர். தகுதிக் குழு அவரையும் கேட்டிலேயே திருப்பி அனுப்பியிருக்கும்.

அவரும் அந்தச் சிறுவனும் பாடிய, ரெக்வியத்தின் ஒரு பகுதியான 'பியே யேசு' பிரிட்டிஷ் பாப் தரவரிசையில் மூன்றாம் இடம் வரை ஏறியது. லத்தீன் வேண்டுதல் அங்கே என்ன செய்தது என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. கல்யாணம், கருமாதி என்று எதுவானாலும் அதைப் பாடிப் பாடிப் படைப்பின் மற்ற பகுதிகளை மறக்கடித்துவிட்டார்கள் என்பதே என் வருத்தம். 'டீயெஸ் ஈரே' என்ற கோப நாள் பாட்டை ரோம் திருச்சபையே 1970-ன் புதிய திருப்பலிப் புத்தகத்தில் இறந்தோர் பூசையிலிருந்து எடுத்துவிட்டது. மேடைக்காரர் விடவில்லை, அதற்கும் இசையமைத்தார்.

குறை உண்டா? உண்டு. ஆனால் நீங்கள் சந்தேகிப்பதற்கு நேர் எதிர். நாடகம் அதிகமாகிவிடவில்லை, போதவில்லை. நானும் கனமான ஆள்தான் என்று காட்ட ஆங்காங்கே முரட்டு ஒலிகளை அடுக்குகிறார். அங்கெல்லாம் இரவல் கோட்டுப் போட்டு நிற்கிற மாதிரி இருக்கிறது. 'ஹோசன்னா'வில் கோட்டைக் கழற்றி எறிகிறார். டிரம்ஸ் துள்ள, டொமிங்கோ குதூகலமாக ஆரம்பிக்க, பாடகர் குழு மொத்தமும் பின்னால் ஓடுகிறது. கேட்காதவர்கள் அதில் ஆரம்பியுங்கள், பியே யேசு அப்புறம் தானாக வரும்.

தகுதி விஷயத்தில் மனிதர் பிறருக்கும் தாராளம்தான். 2002-ல் லண்டன் அப்போலோ விக்டோரியாவில் 'பாம்பே ட்ரீம்ஸ்' தயாரித்தபோது, அதுவரை மேடை இசைநாடகமே செய்திராத ஏ.ஆர். ரகுமானைக் கூப்பிட்டு இசையமைக்கச் சொன்னார். இரண்டு வருடம் ஓடியது. வெஸ்ட் எண்ட் முன் அனுபவம் உண்டா என்று விண்ணப்பப் படிவத்தில் கேட்டிருந்தால் ரகுமான் கோடம்பாக்கத்தை விட்டே கிளம்பியிருக்க மாட்டார்.