வாயை மட்டும் அசைக்கச் சொன்னார்களாம்: வாசகர் கேள்விகளுக்குப் பாட்டு டீச்சரின் பதில்கள்

கேள்வி: டீச்சர், என் மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். ஆண்டு விழா சேர்ந்திசைக்கு அவனாகவே ஆசைப்பட்டுப் பேர் கொடுத்தான். இரண்டாவது ஒத்திகையிலேயே, "உனக்குச் சுருதி சேரவில்லை, பின்வரிசையில் நின்று வாயை மட்டும் அசை" என்று சொல்லிவிட்டார்களாம். அன்றிலிருந்து வீட்டில்கூடப் பாடுவதில்லை. அவனுக்கு நிஜமாகவே பாட்டு வராதா?
- ஓர் அம்மா, அம்பத்தூர்

பதில்: வரும். இதை முதலில் அவனிடம் சொல்லிவிட்டு வாருங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு மனசு கனத்துப்போனது, ஏனென்றால் இதே வாசகத்தை நாற்பது ஐம்பது வயதுக்காரர்களும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் பாடுவதை நிறுத்தியதும் இப்படி ஒரு ஒத்திகையில்தான். சுர வித்தியாசமே காதில் பிடிபடாதவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் நூற்றில் நான்கைந்து பேரைத் தாண்டமாட்டார்கள். பத்து வயதில் சுருதி விலகுகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் காது நன்றாகவே இருக்கும். கேட்ட சுரத்துக்குத் தொண்டையை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்பது மட்டும் இன்னும் பழகியிருக்காது. சைக்கிள் பழகுவது மாதிரிதான், சிலருக்கு நாலு நாள், சிலருக்கு நாலு மாதம்.

சொல்லிக்கொடுத்தவர் ஆணா என்று விசாரியுங்கள். நான் குறை சொல்லக் கேட்கவில்லை, காரணம் இருக்கிறது. சார் தன் குரலுக்கு ஏற்ற ஒரு கட்டையில், அதாவது சுருதி அளவில், பாடிக் காட்டினால், பிள்ளைகள் அதே சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே (கீழ் ஸவிலிருந்து மேல் ஸ வரையான தூரம்) எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு அது தானாக வந்துவிடும். சில பிள்ளைகளுக்கு யாராவது காட்டினால்தான் தெரியும், அதுவரை சாருடைய குரல் இருக்கிற இடத்தையே தேடிக்கொண்டு கீழே கீழே போய், அடித்தொண்டையில் உறுமிக்கொண்டிருப்பார்கள். இதைப் பார்த்துத்தான் "இவனுக்கு வராது" என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

வீட்டில் தினமும் பத்து நிமிஷம் போதும். ஆம்புலன்ஸ் சத்தம் மாதிரி "ஊ" என்று கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே குரலை வழுக்கவிடச் சொல்லுங்கள், நீங்களும் கூடவே செய்யுங்கள். விளையாட்டுத்தான், ஆனால் தன் குரல் எவ்வளவு தூரம் போகும் என்பது அவனுக்கே தெரியவரும். அடுத்ததுதான் முக்கியம்: அவனை ஏதாவது ஒரு சுரத்தில் "ஆ" என்று நிற்கச் சொல்லிவிட்டு, அந்தச் சுரத்துக்கு நீங்கள் போய்ச் சேருங்கள். இரண்டு குரலும் ஒன்றாகும்போது எப்படி இருக்கும் என்பதை அவன் ஒரு தடவை உடம்பால் உணர்ந்துவிட வேண்டும், அதன் பிறகு அரைச் சுரம், ஒரு சுரம் என்று நீங்கள் நகர நகர அவன் தொடர்ந்து வருவான். போனில் தம்புரா ஆப் ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளியில் ஒன்றே ஒன்று கேளுங்கள், அவனைப் பின்வரிசை ஓரத்திலிருந்து எடுத்து, நிலையாகப் பாடுகிற இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் நிறுத்தச் சொல்லுங்கள். ஓரத்தில் நிற்கிற பிள்ளைக்கு மற்றவர்கள் குரல் பாதிதான் கேட்கும், பிறகு எதோடு சேர்வது? என் வகுப்பில் ஒரு சிறுமி முழுதாக இரண்டரை மாதம் ஒரே சுரத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் இடத்தை மட்டும் மாற்றினேன், வேறு எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் மாதம் ஒருநாள் ஷட்ஜத்தில், அதாவது ஸவில், வந்து சேர்ந்தாள், பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்த முகங்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கேள்வி: நான் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழாசிரியை. எங்கள் பள்ளியில் பாட்டு ஆசிரியர் கிடையாது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறுபது பிள்ளைகளை வைத்து ஒரு கொயர் தொடங்க ஆசை. வாரத்துக்கு ஒரு பீரியட்தான் கிடைக்கும். எனக்கு சங்கீதம் தெரியாது, நன்றாகப் பாடுவேன், அவ்வளவுதான். எதிலிருந்து தொடங்குவது?
- ஆசிரியை, பெரம்பூர்

பதில்: உங்கள் பள்ளியில் ஏற்கெனவே ஒரு கொயர் இருக்கிறது மேடம். தினமும் காலை வழிபாட்டில் மொத்தப் பள்ளியும் சேர்ந்து தமிழ்த்தாய் வாழ்த்து பாடுகிறதே, அதிலிருந்தே தொடங்குங்கள்.

மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் வரிகளுக்கு எம்.எஸ்.விஸ்வநாதன் மோகன ராகத்தில் மெட்டமைத்த பாட்டு அது. 2021 டிசம்பரில் அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது, 55 விநாடியில் பாட வேண்டும் என்றும், இசைத்தட்டைப் போடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாய்ப்பாட்டாகவே பாட வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது. ஆனால் பல பள்ளிகளில் நடப்பது என்ன? யாரோ ஒரு பிள்ளை தனக்குத் தோன்றிய இடத்தில் "நீராருங்" என்று எடுக்கும், பாதி மைதானம் ஒரு சுருதியில், பாதி இன்னொன்றில், மேலே போகும் இடத்தில் கத்தல். பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது, அவர்களுக்கு யாரும் சுருதி கொடுக்கவே இல்லையே.

ஒரு சுருதிப்பெட்டியோ கீபோர்டோ போதும். 5 கட்டையில் (கீபோர்டில் G) வைத்துப் பாருங்கள், மேல் வரிகளில் கழுத்து நரம்பு புடைத்தால் அரைக் கட்டை இறக்குங்கள், ரொம்பக் கீழே போய்க் குரலே கேட்கவில்லை என்றால் ஏற்றுங்கள். சரியான இடம் கிடைத்ததும் வருஷம் முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள். பத்து விநாடி சுருதி கேட்டு, எல்லோரும் வாயை மூடி "ம்" என்று அதில் சேர்ந்து, பிறகு பாட்டு. இதை ஒரு மாதம் விடாமல் செய்தாலே பாட்டு வேறு மாதிரி கேட்கும், நம்பிச் செய்யுங்கள்.

மோகனம் என்பதில் இன்னொரு வசதி. ஸ ரி க ப த என்று ஐந்தே சுரம், ஒன்றோடொன்று உரசுகிற நெருக்கமான சுரங்கள் அதில் கிடையாது. அதனால் ஒரு குழு "ஸ ரி க ப த ஸ்" என்று ஏறிக்கொண்டிருக்க, நாலு எண்ணிக்கை கழித்து இரண்டாவது குழு அதையே தொடங்கினால் காதுக்கு இனிமையாகவே விழும். பல குரலில் பாடுவதற்கு இதைவிடச் சுலபமான வாசல் எனக்குத் தெரியாது. முதல் இரண்டு மாதம் எல்லோரும் ஒரே குரல், அப்புறம் ஒரு குழு ஸவையும் பவையும் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்க மற்றவர்கள் மேலே பாடுவது, அதற்குப் பிறகு இந்தத் துரத்திப் பாடுவது. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அடுத்த கட்டத்துக்கு முத்துசுவாமி தீட்சிதரின் நொட்டுஸ்வர சாகித்தியங்கள் இருக்கின்றன, ஆங்கிலேயர் பேண்ட் வாசித்த மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் எழுதியவை. சங்கராபரண ராகத்தின் சுரங்கள், கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) இல்லை, சின்னச் சின்னப் பாட்டு, பிள்ளைகள் துள்ளிக்கொண்டு பாடுவார்கள். பாரதியார் பாடல்களையும் எடுங்கள். இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் இதே சென்னையில் மெட்ராஸ் யூத் கொயரை உருவாக்கி, 1988-ல் மறையும் வரை பாரதியையும் இன்னும் பல மொழிப் பாடல்களையும் பல குரல் சேர்ந்திசையாகப் பாடவைத்தார். கொயர் என்றால் அது சர்ச்சுக்கும் கான்வென்ட்டுக்கும் மட்டும் என்று நினைப்பவர்களுக்கு அவர் பெயரைச் சொல்லுங்கள்.

2022 முதல் அரசு நடத்துகிற கலைத் திருவிழாவைப் பார்த்துவிட்டுப் பள்ளிகள் இப்போது குழுப்பாட்டுக்கு ஆள் எடுக்கின்றன, நல்லதுதான். ஆனால் போட்டிக்குப் பத்துப் பேர் போகட்டும், உங்கள் வாராந்திர பீரியடில் அறுபது பேரும் பாட வேண்டும். அம்பத்தூர் அம்மாவின் கடிதத்தை உங்களுக்கும் சேர்த்துத்தான் மேலே போட்டிருக்கிறேன்.

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் பள்ளி கொயரில் முன்வரிசையில் பாடிக்கொண்டிருந்தான். இப்போது குரல் உடைந்து, நடுவில் கீச்சென்று போகிறது. இரண்டு வருஷம் பாடாமல் இருப்பதே நல்லது என்று உறவினர் சொல்கிறார். சரியா?
- தாத்தா, மயிலாப்பூர்

பதில்: வேண்டாம் ஐயா, நிறுத்த வேண்டாம். குரல்வளை வளர்ந்து குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன, பேச்சுக் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கும், பழைய இடத்துக்குப் போகப் பார்க்கும்போது வழுக்குகிறது, அவ்வளவுதான். (பெண் பிள்ளைகளுக்கும் இந்த வயதில் குரல் மாறும், கொஞ்சமாக இறங்கி, காற்றுக் கலந்த மாதிரி ஆகும், அதை யாரும் கவனிப்பதில்லை.) பழைய உச்சிச் சுரங்களை எட்டச் சொல்லாதீர்கள். அவனுக்கு இன்று வசதியாக இருக்கிற ஐந்தாறு சுரத்துக்குள் பாடட்டும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த இடம் எங்கே நகர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். கொயரில் அவனுக்கு ஸவும் பவும் பிடிக்கிற கீழ்க்குரல் வரிசையைக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள், அந்த வேலைக்கு ஆளே கிடைக்காமல் எத்தனையோ பள்ளிகள் தவிக்கின்றன.

மைதானத்தில் கத்துவதைக் குறைக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். கீச்சு வருவது இயல்பு, ஆனால் கரகரப்பு மூன்று வாரம் தாண்டியும் அப்படியே நின்றாலோ, பேசும்போது வலித்தாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மற்றபடி வீட்டில் அந்தக் கீச்சுக்கு யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா, குறிப்பாக அந்த உறவினர்.