குடும்பப் படங்களுக்காகத் தனியாக ஒரு கேமரா வாங்கலாமா, போனே போதுமா?

கேள்வியில் சொல்லியிருப்பது இது: ஒன்றரை வயது மகள், ஓரளவு நல்ல போன், வீட்டுக்குள் எடுக்கும் படங்கள் கலங்கிப் போகின்றன. அறுபது எழுபதாயிரம் செலவழிக்கத் தயார். ஆனால் மனைவி, "போன்லயே நல்லாத்தானே வருது, எதுக்கு வீண் செலவு" என்கிறார்.

என் பதில்: வாங்கலாம். ஆனால் கேமராப் பெட்டிக்குள் வரும் லென்ஸோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால் உங்கள் மனைவி சொல்வதுதான் சரி.

முதலில் போனைத் திறந்து, உங்களுக்குப் பிடிக்காமல் போன படங்களை மட்டும் பாருங்கள். மொட்டைமாடியிலும் பூங்காவிலும் பகலில் எடுத்தவை அதில் அதிகம் இருக்காது. அந்த வெளிச்சத்தில் போனுக்கும் லட்ச ரூபாய் கேமராவுக்கும் உள்ள வித்தியாசத்தை வாட்ஸ்அப்பில் பார்க்கும் எந்த அத்தையும் கண்டுபிடிக்கப் போவதில்லை. கெட்டுப்போனவை ராத்திரி ஏழு மணிக்கு மேல், ட்யூப்லைட் வெளிச்சத்தில், பிள்ளை ஓடும்போது எடுத்தவையாக இருக்கும். வெளிச்சம் குறைந்தால் போன் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. சுவரும் சோபாவும் அசையாது, அதனால் அவை பளிச்சென்று வரும். குழந்தையின் கையோ ஒவ்வொரு படத்திலும் ஒவ்வோர் இடத்தில் இருக்கும், மென்பொருள் அதைப் பூசி மெழுகிவிடும். ஓடுகிற பிள்ளையைக் கலங்காமல் பிடிக்க 1/250 விநாடியாவது ஷட்டர் வேகம் (ஒரு படத்துக்கு ஒளி உள்ளே விழும் நேரம்) வேண்டும். 1/125-இல் முகம் தப்பிக்கலாம், கை கால் தப்பாது.

கேமரா வாங்கினால் இது தானாகச் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கொஞ்சம் கணக்குப் பாருங்கள். தொடக்கநிலைக் கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி என்ற அளவுச் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) ஏறத்தாழ 23.5 × 15.6 மில்லிமீட்டர். விலை உயர்ந்த போன்களின் பெரிய சென்சார் தோராயமாக 9.8 × 7.3. பரப்பளவில் கேமரா ஐந்து மடங்கு பெரிது. ஆனால் போன் லென்ஸ் எஃப் 1.8 அளவுக்குத் திறக்கிறது (இந்த எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறந்து ஒளி கூடும்). கேமராவோடு வரும் 18-55 மிமீ கிட் லென்ஸ், 55-க்கு ஜூம் செய்தால் எஃப் 5.6 வரைதான் திறக்கும். 1.8-இல் வரும் ஒளியில் இது பத்தில் ஒரு பங்கு. பெரிய அண்டாவை வாங்கி வைத்துவிட்டுக் குழாயைச் சொட்டவிட்ட கதைதான். சென்சாரில் கிடைத்த ஐந்து மடங்கு லாபத்தை லென்ஸ் விழுங்கி, மேலே கடனும் வைத்துவிடுகிறது. 18-இல் எஃப் 3.5 வைத்தால் கேமரா கொஞ்சம் முந்தும். அந்தக் கொஞ்சத்துக்கு எழுபதாயிரம் அதிகம். இப்போதைய மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகை) கேமராக்களின் கிட் லென்ஸ்கள் இன்னும் இருட்டு: கேனானின் 18-45 லென்ஸ் எஃப் 4.5-இல் தொடங்கி 6.3-இல் முடிகிறது.

ஐஎஸ்ஓ என்பது சென்சார் ஒளியை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்பதற்கான எண், ஏற்ற ஏற்றப் படத்தில் புள்ளி விழும். எங்கள் வீட்டு ஹாலில் ட்யூப்லைட் எரியும்போது ஐஎஸ்ஓ 1600, எஃப் 1.8 வைத்தால் ஷட்டர் சுமார் 1/160 கிடைக்கிறது. ஐஎஸ்ஓவை 2500-க்கு ஏற்றினால் 1/250 வந்துவிடும், படமும் சுத்தமாக இருக்கும். கிட் லென்ஸை 5.6-இல் வைத்து அதே 1/160 வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 16000-க்குப் போக வேண்டும். அந்தப் படத்தில் பிள்ளையின் கன்னம் ரவை தூவினாற்போல் இருக்கும்.

அதனால் நீங்கள் வாங்க வேண்டியது எஃப் 1.8 அல்லது 1.4 வரை திறக்கும் ஒரு பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாத லென்ஸ்), அப்புறம் அதை மாட்ட ஒரு கேமரா. வரிசை இதுதான்.

எந்த பிரைம்? கடையில் கேட்டால் "50 மிமீ 1.8 எடுங்க சார், விலையும் கம்மி" என்பார்கள். லென்ஸ் அருமையானதுதான், நம் வீடுகளுக்கு ஒத்து வராது. ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மிமீ மாட்டி ஒரு ஆளைத் தலை முதல் கால் வரை எடுக்கப் பன்னிரண்டு அடிக்கு மேல் பின்னால் போக வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில், சோபாவும் போட்டிருந்தால், சுவரை உடைத்துக்கொண்டுதான் போக வேண்டும். 35 மிமீ என்றால் ஒன்பது அடி போதும். 30 மிமீ இன்னும் வசதி. நிக்கான் டிஎஸ்எல்ஆருக்கு (உள்ளே கண்ணாடி உள்ள முந்தைய வகைக் கேமரா) 35 மிமீ 1.8 ஜி இருக்கிறது. மிரர்லெஸ் என்றால் சிக்மாவின் 30 மிமீ எஃப் 1.4 சோனி, நிக்கான், கேனான் மூன்றுக்குமே வருகிறது.

நிக்கானில் ஒரு பொறி உண்டு. டி3500, டி5600 போன்ற மாடல்களில் ஃபோகஸ் செய்யும் மோட்டார் கேமரா உடலில் கிடையாது. பெயரில் "டி" என்று முடியும் பழைய 50 மிமீ 1.8 லென்ஸை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், ஒவ்வொரு படத்துக்கும் கையால் திருகிக்கொண்டிருக்க வேண்டும். ஓடுகிற குழந்தையிடம் அது நடக்காது. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருப்பதைக் காட்டும் ஏஎஃப்-எஸ் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று, எஃப் 1.8-இல் தெளிவாக இருக்கும் ஆழம் மிகக் குறைவு. 35 மிமீ லென்ஸில் ஐந்தடி தூரத்தில் ஏறக்குறைய ஒரு சாண்கூட வராது. குழந்தையின் கண் தெளிவாக இருந்தால், பின்னால் தூக்கி வைத்திருக்கும் பாட்டி கலங்கிவிடுவார். பாட்டி அதைக் கவனித்துக் கேட்கவும் செய்வார். ஆட்கள் கூடினால் எஃப் 4, 5.6 என்று மூடித்தான் ஆக வேண்டும். அப்போது வெளிச்சம் பற்றாது, மேலே திருப்பக்கூடிய ஒரு ஃப்ளாஷ் வாங்கி வெள்ளைச் சீலிங்கில் அடித்து எடுங்கள். நேராக முகத்தில் அடிக்க வேண்டாம், எண்ணெய் வழிகிற முகமும் பின்சுவரில் கறுப்பு நிழலுமாக வரும். சீலிங்கில் பட்டு இறங்கும் ஒளியில் நம் மாநிற முகங்கள் எவ்வளவு அழகாக வரும் என்பதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். போன் பாருங்கள், கேட்காமலே வெளுப்பாக்கி வைக்கும். சில புதிய கேனான் மாடல்களில் சாதாரண ஃப்ளாஷ் நேரடியாகப் பொருந்தாது, கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

கேமரா உடலைப் பொறுத்தவரை, பிள்ளைகளுக்கு மிரர்லெஸ் தரும் பெரிய வசதி கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ். 2023-இல் வந்த கேனான் ஆர்50 அதை நன்றாகவே செய்கிறது. நிக்கான் இசட்30, சோனி இசட்வி-இ10 இரண்டிலும் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது. நம் ஊர் மத்தியான வெயிலில் திரையைப் பார்த்து எடுப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பணம் இடித்தால் பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றும் குறைச்சல் இல்லை. நான் வைத்திருப்பது 2016-இல் வெளியான டி5600 மாடல், 35 மிமீ லென்ஸோடு. பழையது வாங்கினால் ஷட்டர் எண்ணிக்கையைக் கேளுங்கள். இந்த வகைக் கேமராக்கள் பொதுவாக ஒரு லட்சம் முறைக்கு என்று கணக்கிட்டுச் செய்தவை. லென்ஸை டார்ச் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்ளே நூல் நூலாகப் பூஞ்சை இருக்கிறதா என்றும் பாருங்கள். கடலோர ஊர்களில் கேமராவைத் தோல் உறைக்குள் போட்டு பீரோவில் வைத்தால் ஒரு மழைக்காலம் போதும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பதே போதுமான பாதுகாப்பு.

மெகாபிக்சலைப் பற்றிக் கவலையே வேண்டாம். 4×6 பிரிண்டுக்கு இரண்டு மெகாபிக்சல் சொச்சம் போதும், சுவரில் மாட்டும் 12×18-க்குக்கூடப் பத்தொன்பது, இருபது போதும்.

இனி, கடையில் யாரும் சொல்லாத விஷயம். கேமரா வாங்கிய பல வீடுகளில் அது பிறந்தநாளுக்குப் பிறந்தநாள்தான் வெளியே வருகிறது. காதுகுத்தில் பிள்ளை மாமன் மடியில் உட்கார்ந்திருக்கும், ஆசாரி கம்பியை எடுத்து அழுகை ஆரம்பித்து முடிய அரை நிமிஷம். கேமரா பைக்குள் இருந்தால் அது போச்சு, பக்கத்து வீட்டுக்காரர் போனில்தான் இருக்கும். பெரிய கோயில்களுக்குக் கேமரா பற்றி யோசிக்கவே வேண்டாம். 2022 டிசம்பரில் மதுரைக் கிளை உயர் நீதிமன்ற உத்தரவு வந்த பிறகு பல இடங்களில் போனையே வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறோம். வீட்டிலோ, "தூங்குற பிள்ளையப் படம் எடுக்காதே" என்று பெரியவர்கள் போடும் தடைக்கு எந்தக் கேமராவாலும் பதில் இல்லை.

அதோடு, கேமரா யார் கையில் இருக்கிறதோ அவர் படத்தில் இருக்க மாட்டார். போனை யாரிடமும் நீட்டி "ஒண்ணு எடுங்க" என்று சொல்லலாம். மேனுவலில் செட் செய்த கேமராவை மாமனாரிடம் கொடுத்துப் பாருங்கள், தெரியும். உங்கள் மனைவிக்கும் அதை இயக்கச் சொல்லிக்கொடுப்பீர்களா என்பதை வாங்குவதற்கு முன்பே யோசியுங்கள். இல்லாவிட்டால் அப்பா இல்லாத ஆல்பம் ஒன்று தயாராகும். எடுத்த படங்களை அன்றன்றே போனுக்கு மாற்றுகிற பொறுமையும் வேண்டும். கேமரா நிறுவனங்களின் ஆப் வழியாக வைஃபையில் மாற்றலாம், மெதுவாகத்தான் வரும். மெமரி கார்டிலேயே கிடக்கும் படத்தை யாரும் பார்ப்பதில்லை.

வாங்குவதைத் தள்ளிப்போட்டால் போனிலேயே செய்யக்கூடியவை சில: லென்ஸைத் துணியால் துடையுங்கள் (விளையாட்டில்லை, பாதி மங்கல் அங்கேதான்), பியூட்டி மோடை அணையுங்கள், பிள்ளையைக் காலையில் ஜன்னல் பக்கம் விளையாட விடுங்கள், வாட்ஸ்அப்பில் எச்டி-யாக அல்லது டாகுமெண்டாக அனுப்புங்கள்.

உங்கள் பட்ஜெட்டில் நானாக இருந்தால், கிட் லென்ஸ் இல்லாத வெறும் கேமரா அல்லது நல்ல நிலையில் உள்ள பழையது, ஒரு 30 அல்லது 35 பிரைம், ஒரு சின்ன ஃப்ளாஷ் என்று பிரித்துக்கொள்வேன். பள்ளி ஆண்டுவிழாவில் மேடையைத் தூரத்திலிருந்து எடுப்பதற்கான லென்ஸ் தனிச் செலவு, அதற்கு இன்னும் இரண்டு மூன்று வருடம் இருக்கிறது.

அதற்கும் முன்னால் ஒரு சனி ஞாயிறுக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். கல்யாணப் போட்டோகிராபர்களுக்கு வாடகைக்கு விடும் கடைகள் பெரிய ஊர்களில் எல்லாம் இருக்கின்றன. ராத்திரி ஹாலில், பிள்ளை ஓடும்போது, 1/250 வைத்து எடுத்து, உங்கள் மனைவியின் போன் படத்தோடு பக்கத்தில் வைத்து அவரிடமே காட்டுங்கள். வாடகைக் கடையில் 30 அல்லது 35 மிமீ என்று குறிப்பாகக் கேளுங்கள். சும்மா "லென்ஸ்" என்றால் கல்யாண வேலைக்கு ஓடும் 24-70-ஐத் தந்துவிடுவார்கள். அது கிட்டத்தட்ட ஒரு கிலோ கனம், நீங்கள் வாங்கப்போவதும் அது இல்லை.