திட்டத்தில் இல்லாத ஊரில் இறங்கலாமா?

கேள்வி: குறைந்த செலவில் ஊர் சுற்றும்போது, திட்டத்தில் இல்லாத இடங்களுக்குத் திடீரென்று போவது சரிவருமா? பணமும் நேரமும் வீணாகிவிடாதா?

தாராளமாகச் சரிவரும். கையில் பணம் குறைவாக இருப்பவர்களுக்குத்தான் அது இன்னும் நன்றாகச் சரிவரும் என்பேன். வாடகைக் காரில் போனால் கிலோமீட்டர் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும், ஓட்டுநர் காத்திருக்கிறாரே என்ற உறுத்தல் வேறு. ரூட் பஸ்ஸில் போகிறவருக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. ஓர் ஊரைப் பார்த்ததும் பிடித்துப்போனால் இறங்கிவிடலாம். மிச்சத் தூரத்துக்குக் கொடுத்த சில ரூபாய்தான் போகும்.

திருமயத்தை நான் பார்த்தது அப்படித்தான். ஆத்தங்குடியில் டைல்ஸ் செய்வதைப் பார்க்கலாம் என்று புதுக்கோட்டையில் காரைக்குடி பஸ் ஏறியிருந்தேன். வழியில், ஒற்றைப் பாறைக் குன்றைச் சுற்றி மதில் எழுப்பிய கோட்டை ஒன்று ஜன்னலில் தெரிந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டிய கோட்டை அது. உச்சியில் பீரங்கி ஒன்று இருக்கிறது. காற்று ஆளைத் தள்ளுகிறது. ஏறும் வழியில், பாறையின் நடுவே ஒரு சிறு குகையைக் குடைந்து சிவலிங்கம் வைத்திருக்கிறார்கள். இரும்பு ஏணியில் ஏறித்தான் அதைப் பார்க்க வேண்டும்.

ஆனால் என்னை அங்கேயே கட்டிப்போட்டது குன்றின் அடிவாரம். ஒரே பாறையில் சிவனுக்கு ஒரு குடைவரைக் கோயில், பக்கத்திலேயே பெருமாளுக்கு ஒரு குடைவரை. பெருமாள் பள்ளிகொண்ட கோலத்தில் பாறை நீளத்துக்குக் கிடக்கிறார். மது, கைடபர் என்ற அசுரர்களை ஆதிசேஷன் தீயை உமிழ்ந்து விரட்டுவதும், சுற்றி நிற்கும் தேவர்களும் அதே பாறையில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டில் இரண்டு கோயில்களுக்கும் வருமானப் பங்கீட்டில் தகராறு வந்து, அதைத் தீர்த்துவைத்த விவரம் அங்கே கல்வெட்டாகவே இருக்கிறது. முன்கூட்டியே படித்துவிட்டுப் போயிருந்தால் இதையெல்லாம் சரிபார்த்துவிட்டு நகர்ந்திருப்பேன். எதுவும் தெரியாமல் போனதால் ஒவ்வொன்றும் புதிதாக வந்து முன்னால் நின்றது. இந்தச் சந்தோஷத்துக்காகத்தான் நான் வழியில் இறங்குகிறேன்.

குடுமியான்மலைக்கு என்னை ஏற்றிவிட்டது புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பூ விற்ற ஒரு அம்மா. "இந்தா நிக்கிற பஸ்ஸு குடுமியாமலைதாம்மா போவுது, ஏறு" என்றார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அதனால் அந்தப் பயணத்துக்கு எனக்கு ஒரு ரூபாய்கூட ஆகவில்லை. அங்கே பாறையில் இசைக்கான ஸ்வரங்களைக் கிரந்த எழுத்தில் வரிவரியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். பாட்டுக் கற்றவர்கள் பக்கத்தில் இருந்தால் நச்சரித்துக் கேளுங்கள். எனக்கு அன்று யாரும் கிடைக்கவில்லை. இருந்தாலும், பாடுவதற்காக வெட்டிய கல் அது என்ற நினைப்பே சிலிர்க்க வைத்தது.

நேரம் வீணாகும் என்ற உங்கள் கவலை நியாயமானதுதான். அதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். இறங்கியதும் டீக்கடையில் கேட்க வேண்டிய முதல் விஷயம், திரும்பிப் போகக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பது. பெரும்பாலான கோயில்களை மதியம் 12 மணியை ஒட்டி நடை சாத்தி, 4 மணிக்கு மேல்தான் திறப்பார்கள். அதனால் காலையில் கோயில், மதியம் கோட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாயின்ட் டு பாயின்ட் பஸ்ஸில் ஏறாதீர்கள், நடுவில் நிற்காது. பெரிய பையை அறையிலேயே விட்டுவிட்டுத் தோள்பையோடு கிளம்புங்கள். அப்புறம், ஊர் திரும்ப ரயிலில் முன்பதிவு செய்திருக்கும் நாளில் மட்டும் இந்த ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது.

திருச்சிப் பக்கம் வருவதாக இருந்தால், புதுக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கிப் பாருங்கள். திருமயமும் குடுமியான்மலையும் போக, சமண ஓவியங்கள் உள்ள சித்தன்னவாசல், விஜயாலய சோழீஸ்வரம் கோயில் இருக்கும் நார்த்தாமலை எல்லாம் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கின்றன. காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், எதற்கு முதலில் பஸ் வருகிறதோ அதில் ஏறுங்கள். தண்ணீர் மட்டும் மறக்காதீர்கள், அந்தப் பாறைகளில் நிழல் கிடைக்காது.