சுவரோடு இயையும் தொலைக்காட்சி

கேள்வி: வரவேற்பறையின் வெள்ளைச் சுவரில் 55 அங்குலத் தொலைக்காட்சியை மாட்டியிருக்கிறோம். அணைத்திருக்கும்போது கறுப்புப் பலகைபோல் உறுத்துகிறது; கீழே ஒயர்களும் தொங்குகின்றன. என்ன செய்யலாம்?
– வாசகி, திருச்சி

பதில்: வெண்மைக்கும் கருமைக்கும் இடையிலுள்ள கடும் வேறுபாடே கண்ணை உறுத்துகிறது. அந்த ஒரு சுவருக்கு மட்டும் அடர்சாம்பல் அல்லது கரும்பச்சை நிறத்தில் பளபளப்பில்லாத பெயின்ட் அடித்தால், திரையின் விளிம்பு சுவரோடு கரைந்துவிடும்.

ஒயர்களை மறைக்காமல் வேறு எந்த அலங்காரம் செய்தாலும் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. சொந்த வீடாக இருந்தால், சுவரில் காடி வெட்டி, மின்சார ஒயருக்கு ஒன்றும், படத்தையும் ஒலியையும் திரைக்குக் கொண்டுவரும் எச்டிஎம்ஐ கேபிளுக்கு ஒன்றுமாகத் தனித்தனி பிவிசி பைப்புகளைப் பதித்து, பிளக் பாயின்ட்டைத் திரைக்குப் பின்னால் வரும்படி அமைக்கச் சொல்லுங்கள். எச்டிஎம்ஐ கேபிளின் முனை அகலமானது; குறுகிய பைப்பின் வளைவில் அது சிக்கிக்கொள்ளும் என்பதால் 2 அங்குலப் பைப் நல்லது. வாடகை வீடென்றால், ஒயர்களை உள்ளே வைத்து மூடும் கேசிங் பட்டியைச் சுவரின் நிறமே பூசி ஒட்டினால் போதும்.

பலரும் திரையை மிக உயரத்தில் மாட்டிவிடுகிறார்கள். சோபாவில் அமர்ந்தால் கண் தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றரை அடி உயரத்தில் இருக்கும். திரையின் நடுப்பகுதி அதை ஒட்டியே அமையட்டும். உங்கள் திரை சுமார் 4 அடி அகலம் என்பதால், கீழே வைக்கும் மர அலமாரி அதைவிட நீளமாக, 6 அடியளவில் இருந்தால் பார்வைக்குப் பொருத்தமாக இருக்கும். மரச்சட்டத்துக்குள் திரையைப் பதிப்பதானால், வெப்பம் வெளியேறச் சுற்றிலும் இடைவெளி விடத் தச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.