நாலு கோப்புக்கு நாலு மொழியா?

கேள்வி: கீழமாசி வீதியில் அப்பாவின் மொத்த மளிகைக் கடைக் கணக்கை நான்தான் பார்க்கிறேன். பி.காம். முடித்தவள். டேலி கணக்கு மென்பொருளிலிருந்து எக்ஸ்எம்எல், பேங்கிலிருந்து சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வரிகள்), ஜிஎஸ்டி தளத்திலிருந்து ஜேசன் என்று வகைக்கொரு கோப்பு வருகிறது. பழைய வாடிக்கையாளர் பட்டியல் எக்செலில், தமிழில் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒத்துப் பார்க்க நானே புரோகிராம் எழுத ஆசை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்ப்யூட்டர் மொழி வேண்டும், ஜாவாவில் ஆரம்பித்து மூன்று கோர்ஸ், 48,000 ரூபாய் என்கிறது ஒரு பயிற்சி மையம். சேரலாமா? (வாசகி, திருமங்கலம்)

பதில்: பணம் கட்டாதீர்கள்.

கோப்புக்கு ஒரு மொழி என்பது கோர்ஸ் விற்கிறவர்கள் கட்டிவிட்ட கதை. பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி ஒன்றே போதும். 1991-லிருந்து இருக்கிறது, காசும் கிடையாது. நீங்கள் சொன்ன மூன்று வகையையும் பிரித்து வாசிக்கும் கருவிகள் அதோடு சேர்ந்தே இறங்கிவிடும். ஜாவாவிலும் செய்யலாம், கறிவேப்பிலை கிள்ள அரிவாள் எடுத்த மாதிரி இருக்கும். ‘நூறு சதவீதம் வேலை உறுதி’ என்று போர்டு வைத்திருப்பவர்கள் உங்கள் கோப்பை ஒருமுறை திறந்து பார்த்தார்களா, கேளுங்கள்.

உங்களுக்கு அடி விழப்போவது மொழியில் இல்லை, கோப்பில். மிளகாய் வத்தலுக்கு எச்எஸ்என், அதாவது ஜிஎஸ்டியில் பொருளுக்கான குறியீட்டு எண், 0904. சிஎஸ்வியை எக்செலில் டபுள் கிளிக் செய்து திறந்து, அப்படியே சேமித்தால் அது 904 ஆகிவிடும். பதினாறு இலக்க அக்கவுன்ட் எண்ணாக இருந்தால் கடைசி இலக்கம் பூஜ்யம்தான். பதினைந்துக்கு மேல் எக்செல் வைத்துக்கொள்ளாது. ஆகவே இறக்கிய கோப்பைத் திறக்காமல் ஒரு நகல் எடுத்து வையுங்கள். பைத்தானின் சிஎஸ்வி கருவி எல்லாவற்றையும் எழுத்தாகவே வாசிக்கும், 0904 தப்பிக்கும். காற்புள்ளியை வைத்து நீங்களே வரியை வெட்டாதீர்கள். மேற்கோள் குறிக்குள் "1,25,000" என்று தொகை இருந்தால் அது மூன்று துண்டாகப் போகும்.

பேங்க் கோப்பில் கணக்கு தொடங்கும் முன்னால் கிளை, முகவரி என்று பத்துப் பதினைந்து வரி கிடக்கும். அதைத் தள்ளிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் வாசிக்கத் தருகிற கோப்பில் கிளையின் முகவரி எதற்கு என்று எத்தனை வருஷமாகக் கேட்கிறோம்! டேலி எக்ஸ்எம்எல்லில்  என்று ஒரு குறி அங்கங்கே வரும்; எக்ஸ்எம்எல் விதிப்படி அது செல்லாது, கருவி அங்கேயே நின்றுவிடும். முதலில் அதை நீக்கிவிட்டுக் கொடுங்கள். ஜேசனில் பயப்பட ஒன்றுமில்லை.

நிஜமான தலைவலி அந்தத் தமிழ்ப் பட்டியல். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் பொது முறையான யூனிகோடில் இருந்தால் கவலையில்லை. பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், திரையில் ‘மதுரை’ என்று தெரிவது கோப்புக்குள் சின்ன கே, பெரிய ஜே, சின்ன ஐ, சின்ன யூ என்று நாலு ஆங்கில எழுத்துதான். அதிலும் ‘ரை’யின் கொம்பு முன்னால் கிடக்கும், யூனிகோடில் ‘ர’வுக்குப் பின்னால் வர வேண்டும். வெறுமனே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் கொம்பெல்லாம் பக்கத்து எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இதில் இன்னொரு குழி: அதே பட்டியலில் நிஜ ஆங்கிலமும், கடைக் குறியீடும் கலந்திருக்கும். எது தமிழ், எது ஆங்கிலம் என்பது எக்செல் கட்டத்தின் எழுத்துருப் பெயரில் மட்டும்தான் இருக்கிறது. சிஎஸ்வியாகச் சேமித்த நிமிஷமே அந்தப் பெயர் போய்விடும், பிறகு எந்தக் கம்ப்யூட்டர் மொழியாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மாற்றி முடிக்கும்வரை எக்செல் கோப்பாகவே வைத்திருங்கள். அதை வாசிக்க மட்டும் ஓப்பன்பைஎக்செல் என்ற இலவசத் தொகுப்பைத் தனியாக இறக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசே 2010-ல் யூனிகோடு என்று ஆணை போட்டுவிட்டது. போன மாதம்கூட ஓர் அலுவலகத்தில் என்னிடம் பழைய எழுத்துருவில்தான் விண்ணப்பம் வேண்டும் என்றார்கள். இந்தக் கூத்து இருக்கும்வரை, பக்கத்துக்கு இவ்வளவு என்று ‘கன்வெர்ஷன்’ வியாபாரம் நடக்கும். அவர்களிடமும் கொடுக்காதீர்கள், உங்கள் வாடிக்கையாளர்களின் போன் நம்பரெல்லாம் அதில் இருக்கிறது.

பாமினியை யூனிகோடாக மாற்ற ஓர் அட்டவணை, வானவில் என்ற இன்னொரு பழைய எழுத்துருவுக்கு வேறு. இன்றைக்கே பட்டியலைத் திறந்து, பெயர் உள்ள கட்டத்தைத் தொட்டு, மேலே காட்டும் எழுத்துருப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். சேமிக்காமல் மூடுங்கள்.